மூன்று மாதம் விழுங்கிய மருந்து

குளிசையை நாக்கில் வைத்துக்கொண்டு ராசம்மா தண்ணீருக்குக் கையை நீட்டினாள். மருந்தை எப்படி எடுக்கிறாள் என்று கிளினிக்கில் செய்துகாட்டச் சொல்லியிருந்தார்கள்.

"ஐயோ அம்மா, துப்புங்கோ!" கிளினிக் தாதி ஊர்மிளா எழுந்தே விட்டாள். "இது விழுங்கிறேல்ல. குழலுக்குள்ள போட்டுத் திருப்பி, தூளை உள்ளுக்கு இழுக்கிறது. குழல் ஒண்டு தந்தவையெல்லோ?"

"அந்த பிளாஸ்டிக்கா? பற்பசையோட பிரஷ் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி சும்மா குடுத்ததுன்னு நெனச்சேங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக இரண்டு வேளையும் தேத்தண்ணியோடு விழுங்கியிருக்கிறாள். முதல் நாள் மருந்து கொடுத்தவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போன வாரம் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்துக் கூடையோடு மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தரம் உட்கார்ந்தால் பேரை வெட்டிவிடுவேன் என்று, மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

ஐம்பத்துமூன்று வயதில் அவள் பார்க்காத மருந்தா? அப்பாவுக்கும் இதே மூச்சிழுப்புத்தான். ஊமத்தை இலையைக் காயவைத்து, பீடிபோலச் சுற்றி இழுப்பார், கொஞ்சம் அடங்கும். தோட்டத்து மருந்துக்காரர் அதைப் பிடுங்கி எறிந்தார். நெஞ்சுக்குள் எதையும் இழுக்கக் கூடாது, மருந்தென்றால் வயிற்றுக்குத்தான் என்று ஏசினார். எட்டு வயது ராசம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். தனக்கு வந்தபோது அவரிடமே போத்தலைக் கொண்டுபோய்க் கசப்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கல்யாணமான பிறகு வெள்ளை மாத்திரை. விரல் நடுங்கும், கொழுந்து ஒடிக்க வராது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நரம்பில் ஊசி. அப்புறம் மூக்கை மூடிப் புகை விடுகிற மெஷின்.

"அப்ப இழுக்காத, விழுங்குன்னாங்க. இப்ப விழுங்காத, இழுங்கிறீங்க. எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா! எங்கப்பா சரியாத்தானே செஞ்சாரு?"

"ஊமத்தை நஞ்சு, அம்மா."

"இழுத்தது சரிதானே?"

ஊர்மிளா புதுக் குழல் ஒன்றை எடுத்தாள். "இழுத்துப்போட்டுப் பத்து எண்ணும்வரைக்கும் மூச்சைப் பிடியுங்கோ."

"பிடிக்க மூச்சு இருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

"பிறகு வாயைக் கொப்பளியுங்கோ. குணம் தெரிய ரெண்டு கிழமை செல்லும்."

"அதுவரைக்கும் மலைய யாரு ஏறுறது, நீங்களா?"

மறுநாள் காலை ஐந்தரைக்கு ராசம்மா குளிசையைக் குழலில் போட்டு இழுத்தாள். ஆறு வரை எண்ண முடிந்தது. வாய் கொப்பளித்தாள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், மலைகளுக்கு ஆள் பிரித்தபோது ஏழாம் நம்பருக்கே அனுப்பினார்கள். ஏறும்போது நான்கு தடவை நின்றாள், உட்காரவில்லை. கண்டாக்கையா பார்த்துவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். மத்தியானம் நிறுத்தபோது அவள் கொழுந்து ஒன்பது கிலோ இருந்தது. இரவு இன்னொரு குளிசை இழுத்தாள்.