எதிரே யாரும் வராத வளைவு

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கெலிஓயாவிலிருந்து திகனப் பக்கம் உள்ள பந்தயப் பாதைக்குப் போய், ஒரு நாள் முழுவதும் விளையாட்டுக் கார் ஓட்டப் பழகிவிட்டு வந்தேன். எனக்கு வயது எழுபத்தொன்று. இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்காக இதை எழுதவில்லை. போக ஆசைப்பட்டு, எங்கே விசாரிப்பது, என்ன உடுத்துவது, எவ்வளவு செலவாகும் என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெல்பேர்னில் இருக்கும் என் மகள் ஷாமினி ஜனவரியில் தொலைபேசியில் பேசும்போது, "அம்மா, இனிமே நீங்க ஓட்ட வேணாம். ஒரு ட்ரைவரை வைங்க" என்றாள். நான் நாற்பத்தாறு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அதில் நாற்பத்திரண்டு வருடம் என் கணவர் இடப்பக்க ஆசனத்தில் உட்கார்ந்து "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு நான்கு வருடம் தனியாக ஓட்டியிருக்கிறேன். ஒரு விபத்து இல்லை, ஒரு தண்டப்பத்திரம் இல்லை. அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராக முப்பத்தொரு வருடம் வேலை செய்தவளுக்கு, கை நடுங்கினால் அது முதலில் தனக்கே தெரியும்.

வாதாடிப் பயனில்லை. ஆகவே ஒரு பந்தயம் கட்டினேன். இந்தப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. நாள் முடிவில் பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து மூன்று சுற்றுப் பிழையில்லாமல் ஓட்டினால், அவர் இறங்கிக்கொள்வார். அடுத்த மூன்று சுற்றை நாம் தனியாக ஓட்டலாம். "தனியா ஓட்ட விட்டா சாவி என்கிட்ட இருக்கும். விடலேன்னா, திங்கட்கிழமையே ட்ரைவர்" என்றேன்.

"சத்தியமா?"

"நான் எப்ப சொன்ன சொல் மாறினேன்?"

கட்டணம் அறுபத்தையாயிரம் ரூபாய். பாதை அலுவலகத்தில் தொலைபேசியில் விசாரித்து, இரண்டு வாரத்துக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வைத்தியரின் கடிதம் கொண்டுவர வேண்டும்; இரத்த அழுத்தமும் கண் பார்வையும் அதில் இருக்க வேண்டும். என்னுடையதை எங்கள் வைத்தியர் இரண்டு முறை எழுதினார். முதல் தடவை திகதி போட மறந்துவிட்டார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

காலை 6.10க்குப் புறப்பட்டேன். என் காரை எடுக்கவில்லை. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். எங்கள் சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டும் செல்வத்தைப் போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குப் பேசிக்கொண்டேன். அவர் பன்வில தோட்டத்துப் பிள்ளை. வாய் ஓயாது.

"அம்மா, ரேஸ் கார் ஓட்டப் போறதுக்கு என் ஆட்டோலயா போறீங்க?"

"ஏன், உங்க ஆட்டோவுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. திரும்பி வாறப்ப நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து தூங்கிக்கிட்டு வாறேன்."

பேராதனை வரை வீதி காலியாக இருந்தது. கண்டி நகரைக் கடக்க மட்டும் இருபத்தைந்து நிமிடம். தென்னக்கும்புர பாலத்தில் மகாவலியைத் தாண்டினால் அப்புறம் வீதி அகலம்; குண்டசாலை, பள்ளேகலை, கெங்கல்ல என்று ஊர்கள் வேகமாகப் போகும். கெங்கல்லயில் ஒரு கடையில் இரண்டு ரொட்டியும் பிளேன்டீயும் எடுத்தோம். அதற்கு மேல் சாப்பிட வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் வளைவுகளில் வருந்துவீர்கள். திகனக்குச் சற்று முன் இடப்பக்கம் திரும்பி இரண்டு கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். வாசலில் நிற்கும்போது மணி 7.35. மொத்தத் தூரம் இருபத்தெட்டு கிலோமீற்றர்.

பாதை சிறியது. சுற்றளவு 1.9 கிலோமீற்றர், ஒன்பது வளைவு. பின்னால் ஹுன்னஸ்கிரிய மலை நிற்கிறது, பார்ப்பதற்கு நேரம் கிடையாது. கார் இரண்டு ஆசனம், ஆறு கியர், பின் சக்கரங்கள் தள்ளும் வகை, முந்நூறு குதிரைவலு. ஆசனம் தரையோடு தரையாக இருக்கிறது. ஏறுவதற்கு முறை உண்டு: முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுக்க வேண்டும். சேலையில் வர அனுமதி இல்லை. நாற்பத்தாறு வருடமும் சேலையில் ஓட்டியவள் நான். அன்று பருத்திக் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் போட்டுக்கொண்டேன்.

ஒரு காருக்குப் பழக வந்தவர்கள் இரண்டு பேர், மாறி மாறி ஓட்ட வேண்டும். எனக்குச் சோடி, பேராதனையில் பல் வைத்தியராக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். பயிற்றுநர் பர்ஹான், திகனக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். என் வைத்தியர் கடிதத்தை வாசித்துவிட்டு, "மேடம், எங்கட உம்மாவுக்கும் ஒங்கட வயசுதான். அவ த்ரீவீல்ல ஏறவே பயம்" என்றார்.

"உங்க உம்மா நல்லா சமைப்பாங்களா?"

"சூப்பரா சமைப்பா."

"எனக்குச் சமையல் வராது. ஆளுக்கு ஒண்ணு" என்றேன். அதற்குப் பிறகு அவர் உம்மாவைப் பற்றிப் பேசவில்லை.

மலைநாட்டுச் சாரதிகள் இதைக் கவனமாக வாசியுங்கள். அங்கே நம் அனுபவம் நமக்கு எதிரி. இரண்டாம் வளைவுக்கு முன்னால் என் கை தானாகவே ஹோனை அடித்தது. பர்ஹான் சிரிக்கத் தொடங்கினார்.

"யாருக்கு மேடம் ஹோன்? அந்த மரத்துக்கா?"

நான்காம் வளைவில், பயிற்சியில் இருந்த மற்றக் கார் பின்னால் வந்தது. நான் இடப்பக்கம் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, முந்திப் போகும்படி காட்டினேன். "கைய உள்ள எடுங்க! கைய உள்ள எடுங்க மேடம்!" என்று கத்தினார். நம் பக்கத்து வீதிகளில் அது மரியாதை. அங்கே அது ஆபத்து.

இவை சிறிய பிழைகள், ஒரு சுற்றில் திருந்திவிட்டன. திருந்தாத பிழை காலில் இருந்தது. நாம் வளைவுக்குள் போகும்போது காலை வேகமிதியிலிருந்து எடுத்து, பிரேக்குக்கு மேல் வைத்துக்கொண்டு போவோம். ஏனென்றால் எதிரே நம் பக்கத்திலேயே ஒரு பஸ் வரும். வரும் என்று எதிர்பார்த்துத்தான் நாற்பத்தாறு வருடம் உயிரோடு இருக்கிறேன். ஆனால் இந்தக் காரில் பிரேக் வேலை எல்லாம் வளைவுக்கு முன்னால், நேர்ப் பாதையிலேயே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் வேகமிதியை ஒரே அளவில் மிதித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் காலை எடுத்தால் காரின் பாரம் முன்னுக்குப் போய்விடும். பின் சக்கரங்கள் பிடியை விட்டுவிடும்.

ஐந்தாம் வளைவு இறக்கத்தில் வலப்பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கம் தெரியாது. முற்பகல் 10.20க்கு அங்கே காலை எடுத்தேன். மலை, வேலி, மலை என்று கண்ணுக்கு முன்னால் சுழன்றது. கார் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு புல்லில் நின்றது. நான் எஞ்சினை அணைத்து, கைப் பிரேக்கை இழுத்தேன்.

"பயந்திட்டீங்களா மேடம்?"

"இல்லை. காலை எடுத்தது எந்த இடத்துல? வளைவு தொடங்கும்போதா, நடுவிலயா?"

"நடுவுல. இங்க எதிர யாரும் வரமாட்டாங்க. நான் செல்றத நம்புங்க."

"உங்களை நம்புறேன். என் கால்தான் நம்பமாட்டேங்குது."

மதியம் ஒன்றரை மணிநேரம் ஓய்வு. சாப்பாடு அவர்களே தருகிறார்கள்: சோறு, பருப்பு, கோழிக்கறி, போஞ்சிக்காய். பருப்பில் உப்பு அதிகம், சொன்னேன். பல் வைத்தியர் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, காலமை புல்லுக்குள்ள போய் என்ன பறிச்சனீங்கள்?"

"வல்லாரை. உங்களுக்கும் ஒரு பிடி கொண்டுவந்திருக்கணும். எந்த வளைவுல கியர் மாத்துறதுன்னு ஞாபகம் வந்திருக்கும்."

அவர் காலையில் மூன்று முறை காரை அணையவிட்டிருந்தார். நல்ல மனிதர், வாய்விட்டுச் சிரித்தார்.

மாலையில் அவர் முறை முதலில். மூன்று சுற்றையும் பிழையில்லாமல் முடித்து, தனியாகவும் ஓட்டிவிட்டு வந்தார். என் முறை வரும்போது 3.36. சரியாக நான்கு மணிக்கு எல்லா எஞ்சினும் அணைய வேண்டும். சத்தம் பற்றி அயலில் உள்ளவர்களோடு செய்துகொண்ட உடன்பாடு அது, ஒரு நிமிடம் கூட நீட்டமாட்டார்கள். ஒரு சுற்றுக்கு எனக்கு இரண்டு நிமிடம் போகும். ரயர் சூடாக இரண்டு சுற்று, சோதனைக்கு மூன்று, தனியாக மூன்று. நேரம் தாராளமாக இருந்தது.

முதற் சோதனைச் சுற்று சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் ஐந்தாம் வளைவுக்குள் இறங்கும்போது பர்ஹானின் வோக்கிடோக்கியில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் குனிந்து பதில் சொன்னார். அந்த நேரத்தில் என் வலது கால் எழுந்தது. அரை வினாடி இருக்கும், உடனே திரும்ப வைத்துவிட்டேன். வேகம் குறைவாக இருந்ததால் கார் அசையவில்லை. மீதி நான்கு வளைவும் ஒழுங்காகப் போயின.

3.47க்குத் தரிப்பிடத்தில் நிறுத்தினோம். பர்ஹான் தன் ஆசனப் பட்டியைக் கழற்றினார். "ஷோக் மேடம்! மூணும் க்ளீன். நான் எறங்குறேன்."

அவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நான் கன்னியர் மடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தவள். எங்கள் வகுப்பில் ஆசிரியை காணாமல் விட்ட பிழையை நாமே சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்குப் புள்ளியும் குறையும். அப்போது அது எனக்குக் கொடுமையாகத்தான் தெரிந்தது.

"மூணாவது சுத்துல, அஞ்சாவது வளைவுல, நான் காலை எடுத்தேன்" என்றேன்.

"நான் பாக்கல்லயே?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க. நான் பாத்தேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், சின்ன விசயம். கார் ஆடவும் இல்ல. திரும்ப மூணு ஓடினா, தனியா ஓட டைம் ஈக்கிதோ தெரியா."

பல் வைத்தியர் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, அந்தாள் விட்டாலும் நீங்கள் விடமாட்டியள் போல" என்றார்.

"பட்டியைப் போடுங்க பர்ஹான்" என்றேன். "நேரம் போகுது."

மீண்டும் மூன்று சுற்று ஓடினோம். ஐந்தாம் வளைவுக்கு முன்னால் பிரேக்கை முழுவதும் முடித்துவிட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மிதித்தேன். குதிகால் எழாவிட்டால் கால் எழாது. இதை யாரும் சொல்லித் தரவில்லை; அப்போது நானே கண்டுபிடித்தது. மூன்று தடவையும் பர்ஹான் வெளியே பார்க்கவில்லை, என் பாதத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபோது 3.55.

"ஒண்ணுதான் ஓடலாம். ஓடுறீங்களா?"

"ஓடுறேன்."

அவர் இறங்கி, வெறும் ஆசனத்தின் பட்டியைப் பூட்டிவிட்டு, கதவைச் சாத்தினார். நான் புறப்பட்டேன். பக்கத்தில் பேச்சில்லை. எஞ்சின் சத்தம் முதுகுக்குள் கேட்டது. ஐந்தாம் வளைவில் இறங்கும்போது அந்தப் பக்கம் தெரியவில்லை, வழக்கம்போல. கால் எழவில்லை. கார் வளைவை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பி நேராகியது. முன்னால் நீளப் பாதை மட்டும் இருந்தது. நான்காவது கியரில் 130 தொட்டேன். 3.59க்கு எஞ்சினை அணைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சாரதி அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதி வேண்டும், நகல் செல்லாது. மெல்லிய அடியுள்ள மூடிய சப்பாத்து அணியுங்கள். கண்ணாடி போடுபவர்கள் தலைக்கவசத்தை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு கண்ணாடியைச் செருகுங்கள். மழைக் காலத்தில் போக வேண்டாம். தை, மாசி நல்லது. பஸ்ஸில் வருபவர்கள் கண்டியிலிருந்து திகன பஸ் எடுத்து, கெங்கல்ல தாண்டியதும் இறங்கி, மிச்சத்துக்கு முச்சக்கரவண்டி பிடிக்கலாம். உங்கள் சொந்தக் காரில் போகாதீர்கள். திரும்பும்போது வீதியும் உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று காலுக்குத் தோன்றும். ஒரு இரவு தூங்கி எழுந்தால்தான் அது தெளியும். எதிரே பஸ் வரும் உலகத்துக்குத்தான் நாம் திரும்பி வருகிறோம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஷாமினிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"மூணு சுத்துக்குப் பதிலா ஒண்ணுதான் கிடைச்சுதா? அவர்தான் பாக்கலையே, பேசாம இருந்திருக்கலாமேம்மா."

"இருந்திருந்தா, இப்ப உனக்கு எடுத்து ட்ரைவர் தேடச் சொல்லியிருப்பேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்பளைக்குப் போனேன், நானே ஓட்டிக்கொண்டு. வளைவுகளில் காலை எடுத்தேன், ஹோனும் அடித்தேன். எதிரே ஒரு பஸ் என் பக்கத்தில்தான் வந்தது.