பல்லைக் கடிக்காத அமலி

மன்னவனூரில் கேரட் கழுவுகிறவர்களில் அமலியை மிஞ்ச ஆள் கிடையாது. மார்கழி ஓடையில் கால் வைத்தாலே மற்றவர்களுக்கு உயிர் போய்விடும். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று மூட்டை மூட்டையாக மிதித்துக் கழுவிவிட்டு, கரையேறி ஊர்க்கதையும் பேசுவாள். அப்பேர்ப்பட்டவள் கட்டிலைக் கண்டு நடுங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்?

கல்யாணத்தன்று மாமியார் தெரசம்மாள் காதோடு காதாக ஒரு புத்தி சொன்னாள்: "பல்லைக் கடிச்சுக்கிட்டு கெட ஆத்தா. எல்லாப் பொம்பளையும் அப்படித்தான்." அந்தப் பக்கத்தில் மணப்பெண்ணுக்குத் தாலியோடு சேர்த்துக் கொடுக்கிற சீர் அது. அமலியும் கடித்தாள். பல்லோடு உடம்பும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. புருஷன் மரியசெல்வம் நெருங்கினாலே கத்தி வைத்தாற்போல வலி. அவன் தங்கமானவன். அவள் முகம் சுருங்கினால் விலகிப் படுத்துக்கொள்வான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

தெரசம்மாளுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "ஏலே, இது கல்யாணமே இல்லலே. ஈஸ்டர் கழியட்டும், கோயில் சாமியார்கிட்டச் சொல்லி முறிச்சு விட்ருவோம்" என்றாள் மகனிடம். உடல் சேராத கல்யாணத்தை முறித்துக்கொள்ள மாதா கோயில் சட்டமே இடம் கொடுக்கும். கதவுக்குப் பின்னால் நின்று அமலி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. அவனை விட்டுவிட்டு ஒரு வாழ்வா?

அப்போது எண்பத்தொன்றாம் வருஷம். கொடைக்கானல் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை மனநல டாக்டர் தமயந்தி வந்துபோவார். அங்கிருந்த நர்ஸ் சொல்லித்தான் அமலி போனாள். "எனக்கென்ன கிறுக்கா?" என்று முறுக்கிக்கொண்டே, புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உடம்புல கோளாறு இல்லம்மா. ஆனா வலி நிஜம். பயந்தா உடம்பு இறுகுது, இறுகினா வலிக்குது, வலிச்சா இன்னும் பயம்." அமலி அழுதுவிட்டாள். வலி நிஜம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

டாக்டர் மரியசெல்வத்தின் பக்கம் திரும்பினார். "நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் சேரக்கூடாது. தொடலாம், பேசலாம். அவங்க போதும்னா போதும்."

அவன் தலையைச் சொறிந்தான். "தவக்காலந்தான டாக்டரம்மா. எப்படியும் ஒருசந்தி விரதந்தான்." அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அந்த ஐஸ் தண்ணியில எப்படித்தான் நிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"இறுக்குனா குளுரு கடிக்கும் டாக்டரம்மா. மூச்ச மெதுவா விட்டு, உடம்பத் தளத்திக்கிடணும். ஒரு அடி வச்சு நின்னு, பெறகுதான் அடுத்த அடி..." சொல்லும்போதே அமலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதேதான். இதுவும் ஒவ்வொரு அடிதான்."

கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைத் தளர்த்தி, தன் உடம்பைத் தானே தொட்டுப் பழகுவதுதான் வீட்டுப் பாடம். தன் விரலுக்கே பயந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். பாதி தேறுவதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டது. தெரசம்மாள் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினாள். மரியசெல்வம் வாசலை மறித்தான்.

"கோயிலே முறிச்சாலும் நான் முறிக்க மாட்டேன். போயி சோலியப் பாரும்மா."

அந்தச் சொல்லிலேயே அமலியின் மீதிப் பயத்தில் பாதி போய்விட்டது.

உருளைக்கிழங்கு தோண்டுகிற சமயம், மழை பெய்த ஒரு மத்தியானம். அடுப்படியில் தெரசம்மாள் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். "வலிக்கலைங்க! ஏங்க, வலிக்கவே இல்லைங்க!" தெரசம்மாள் கரண்டியும் கையுமாகக் கொட்டும் மழையில் தோட்டத்துக்கு ஓட்டமெடுத்தாள்.

அடுத்த வருஷம் நாத்தனார் உபகாரம் என்பவளுக்குக் கல்யாணம். தெரசம்மாள் வழக்கம்போல மகளின் காதருகே குனிந்தாள். அமலி மாமியாரின் தோளைத் தொட்டாள். "அத்தை, அத நான் சொல்லிக்கிடுதேன்."

ஆனால் அமலி காதோடு காதாகச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த மாப்பிள்ளைக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு தாயி. நீ நில்லுன்னா அவரு நிக்கணும். பல்லக் கடிக்கிற சோலியே நமக்கு வேண்டாம்."

மாப்பிள்ளை வேகமாகத் தலையாட்டினான். தெரசம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை.

"எனக்கு ஒருத்தரும் இப்படிச் சொல்லலையே ஆத்தா" என்றாள்.