வால்பாறை மேட்டில் அப்பாவின் வயது

வால்பாறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருவி பார்க்கவும் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்கவும் போகிறார்கள். நான் 1996 செப்டம்பரில் போனது, என் அப்பா செத்த இடத்தைப் பார்ப்பதற்கு. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அப்பா இறந்ததும் நாற்பத்தாறில்தான்.

அப்பா அங்கே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தாத்தா வரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பாதிரியார் ஒருவர் படிக்க வைத்ததால் அப்பாவுக்கு இந்த வேலை கிடைத்தது. கீழே இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து மேல் டிவிஷனில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை மருந்துப் பையோடு நடந்து போவார். ஒருநாள் பாதி வழியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது பதிமூன்று வயது. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு மலையேறவே இல்லை, எங்களையும் போகவிடவில்லை.

நான் ஒரு மில் ஆபீசில் உட்கார்ந்த இடத்தில் வேலை பார்த்தவன். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. அந்த வருஷம் ஈஸ்டர் திருப்பலியன்று பாடகர் மாடத்துக்குப் படியேறியபோது பாதியில் நின்றுவிட்டேன். கீழேயிருந்து பார்த்த என் மனைவி ரோஸ்லின், வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, உங்கப்பா வயசு வந்துருச்சு. நெனப்பு இருக்குதுங்களா?" நான் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் அன்று முதல் வேறு நினைப்பே இல்லை.

உக்கடத்தில் விடிகாலை பஸ். பொள்ளாச்சி வரை நாற்பது கிலோமீட்டர், தென்னந்தோப்புகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டே போகலாம். அங்கிருந்து வால்பாறை அறுபத்து நான்கு கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும், மொத்தம் நாற்பது. கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "முன்னால வந்து உக்காருங்க, பின்னாடி தூக்கிப் போட்டுப்போடும்" என்றார். ஒன்பதாவது வளைவில் அணை முழுசாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று வெறும் வெள்ளைப் பனிதான் தெரிந்தது. அதற்கு மேல் ஜன்னலுக்கு வெளியே உலகமே இல்லை. எதிரே வரும் வண்டியின் ஆரன் மட்டும் கேட்கும். பிறகு திடீரென்று வண்டி பக்கத்தில் இருக்கும்.

வால்பாறையில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், எண்பது ரூபாய். சுவரெல்லாம் ஈரம். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவின் சிலுவையைத் தேடினேன். பாசி மூடியிருந்த சிலுவைகளில் எது அவருடையது என்று தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் எஸ்டேட் விலக்கில் பஸ் என்னை இறக்கிவிட்டது. எஸ்டேட் பெயர் வேண்டாம். மேல் டிவிஷனுக்கு ஜீப் ரோடு மூன்று கிலோமீட்டர். தேயிலைக்குள் புகுந்து ஏறும் குறுக்குப் பாதை அதில் பாதிதான், ஆனால் செங்குத்து. அப்பா போனது குறுக்குப் பாதை. நானும் அதிலேயே ஏறினேன். ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ யாரிடமும் நான் யாரென்று சொல்லவில்லை. சொன்னால் துணைக்கு ஆள் அனுப்புவார்கள் என்று பயம். தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

கால் மணி நேரத்தில் பஞ்சு திணித்த மாதிரி பனி இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் நாலைந்து செடி தெரியும், அவ்வளவுதான். எங்கோ மேலே ஒருவன் சீட்டியடித்தான். பாட்டு மறந்துபோனவன் மறுபடி மறுபடி முதலடியைத் தேடுவது போன்ற சீட்டி. யாரோ வேலையாள் என்று நினைத்து "ஏனுங்க!" என்று குரல் கொடுத்தேன். சீட்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பின்னால், கீழே இருந்து கேட்டது. (அது ஒரு பறவை என்று பிறகு சொன்னார்கள். ஓடையோரத்தில் இருக்கும், மனுஷன் மாதிரியே சீட்டியடிக்கும். போகிறவர்கள் தெரிந்துகொண்டு போனால் நல்லது. அன்று எனக்குத் தெரியாது.)

அதைவிட மோசம் அந்த மூச்சுச் சத்தம். பக்கத்தில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு வந்தார்கள். நான் நின்றால் நிதானித்தது, நடந்தால் வேகமாயிற்று. என் மூச்சுதான் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் அது என் வாயிலிருந்து வருகிற மாதிரி இல்லை. வலது தோளுக்குக் கொஞ்சம் பின்னால், என்னைவிடக் களைத்த ஒருவர் வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் சாக்ஸ் முழுக்க ரத்தம், அட்டை. குனிந்தவனால் நிமிர முடியவில்லை. நெஞ்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது போல இருந்தது.

ஒரு திருப்பத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் தட்டையாக ஒரு பாறை தெரிந்தது. போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வந்த சுகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வலி தள்ளிப்போயிற்று, கண் செருகியது. இங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிடலாம், யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது என்று தோன்றியது.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். இடுப்பில் சாக்கு கட்டி, முதுகில் காலிக் கூடை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கூடை முதுகிலிருந்து சரிந்து விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "நீங்க போங்கம்மா, மூச்சு வாங்கிட்டு வாரேன்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, தூங்குகிறவரை எழுப்புகிற குரலில் சொன்னார்: "கம்பவுண்டரய்யா, எந்திரிங்க. அங்க உக்காராதீங்க."

"நான் அவர் மகனுங்க," என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. அவர் காதில் விழுந்த மாதிரி இல்லை.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. நீ போ புள்ள, மூச்சு வாங்கிட்டு வாரேன்னீங்க. நானும் போயிட்டனுங்க. இன்னைக்குப் போகமாட்டேன். எந்திரிங்கய்யா."

கிட்டே வந்து என் கையைப் பிடித்தார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், அவ்வளவு பலம். ஒரு கை என் முழங்கைக்குக் கீழே, ஒரு கை முதுகில். "பேசிட்டே வாங்க. பேச்ச நிறுத்தாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, நின்று நின்று கீழே இறக்கினார். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் என்னை அய்யா என்று கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நான் ம் என்றேன். மறுத்துச் சொல்லப் பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் கையை விட்டுவிடுவாரோ என்று.

(நெஞ்சு இறுக்கினால் நடக்கக் கூடாது. இருந்த இடத்திலேயே இருந்து ஆள் அனுப்ப வேண்டும் என்று பிறகு டாக்டர் என்னைத் திட்டினார். அன்று நடந்தும் பிழைத்தது என் நல்ல நேரம். யாரும் அதைப் பின்பற்றாதீர்கள்.)

கீழே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கம், மாரடைப்பு இல்லை. நர்ஸ் என் பெயரும் அப்பா பெயரும் கேட்டு எழுதிக்கொண்டபோதுதான், வாசலில் நின்றிருந்த அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்தது. அவர் பெயர் மயிலாத்தா. உடுமலைப் பக்கத்திலிருந்து அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அவருடைய அப்பனும் ஆத்தாளும் மலையேறியவர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன வயசுங்க உங்களுக்கு?"

"நாப்பத்தாறுங்க."

"அய்யாவுக்கும் அப்ப அதானுங்க," என்றார். "எனக்கு பதினெட்டு. எங்காத்தாளுக்குக் காய்ச்சல்னு நாந்தான் அவரக் கூப்பிட வந்தேன். போன்னாரு, போயிட்டேன். மேல போயி, வந்துட்டே இருக்காருன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டு உக்காந்திருந்தேன். இருட்டினதுக்கப்புறந்தான் தேடப் போனாங்க." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்து மூணு வருசமா அந்தப் பாறையத் தாண்டறப்ப நான் தலையத் தூக்கறதே இல்லீங்க. இன்னைக்கு எதுக்குத் தூக்கினேன்னு தெரியல."

ஊருக்குத் திரும்பினேன். ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், திட்டினாள், மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டாள்.

வயதானால் ஏன் உடம்பைப் பேண வேண்டும் என்று கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் காலையில் நடக்கிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சர்க்கரை என்பார் ஒருவர். பேரன் கல்யாணம் பார்க்கணும் என்பார் ஒருவர். பழைய பேண்ட் வீணாகிறது என்று ஒருவர் சொன்னார். எல்லாம் நியாயம்தான். என் காரணம் மயிலாத்தாவின் முகம். அப்பா அந்தப் பாறையில் அதிக நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார், எனக்கு வந்த அதே சுகம் அவருக்கும் வந்திருக்கும். அது அவரோடு முடிந்தது. ஆனால் அவர் போ என்று சொன்னதால் போய்விட்ட பதினெட்டு வயதுப் பெண் முப்பத்து மூன்று வருஷம் தலை குனிந்தே அந்த வழியில் நடந்திருக்கிறார். என் வீட்டில் யாரும் அப்படி ஓர் இடத்தைக் குனிந்துகொண்டு தாண்டக் கூடாது. அதற்காக நடக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பெஞ்சைப் பார்த்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். உட்காரும் ஆசைக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். ஒரு வருஷத்தில் பதினாறு கிலோ குறைந்தது. மாத்திரை தொடர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1999 அக்டோபரில் மறுபடி போனேன், ரோஸ்லினோடு. அதைச் சொல்வதற்கு முன் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கொட்டும். மழை விட்டபின் பனியும் அட்டையும் இருக்கும். உப்பையும் புகையிலைத் தூளையும் துணியில் முடிந்து ஈரப்படுத்தி செருப்பிலும் காலிலும் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது. எஸ்டேட் ஆபீசில் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் உண்டு, எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நாற்பது தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள், ஊரில் மூன்று மாதமாவது நடந்து பழகுங்கள். முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள்.

இந்தக் கடைசி அறிவுரையை இரண்டாவது தடவையும் நான் கேட்கவில்லை. ரோஸ்லின் கீழே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த மயிலாத்தா வீட்டில் தங்கிக்கொண்டாள். "நானும் வாரனுங்க," என்றார் மயிலாத்தா. "வேண்டாமுங்கக்கா," என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மேல் லயன் வரை போய்விட்டு ஜீப் ரோட்டில் இறங்கி வருவேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதே பனி. மூச்சு சீராக வந்தது. பக்கத்தில் வேறு யாரும் வருகிற சத்தம் இல்லை. பாறை வந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. நிற்காமல் தாண்டினேன். அதற்கு மேல் பாதை எனக்குப் புதிது.

கொஞ்ச தூரம் போனதும் மருந்தடிக்கும் டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் இறங்கி வந்தார். முப்பது வயசுக்காரர், முன்பின் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏனுங்க, பின்தங்கிட்டீங்களா? அவரு அங்க போயிட்டாரு பாருங்க."

"யாருங்க?"

"இப்பத்தான் மேல போனாருங்களே, பையத் தூக்கிட்டு. உங்க ஜாடைதான், அப்படியே. உங்களவிட ரெண்டு மூணு வயசு கம்மியா இருக்கும். தம்பிங்களா?"

எனக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு அக்காள்கள் மட்டும். தம்பி கிடையாது.

"நல்லா நடக்கறாருங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஜோரா போறாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்னால் பாதையில் யாரும் தெரியவில்லை. மேல் லயனை அடைந்தபோது பனி விலகி வெயில் அடித்தது. முதல் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம், எனக்கு முன்னால் இங்கே யாராவது வந்தார்களா என்று கேட்டேன். காலையிலிருந்து யாருமே வரவில்லை என்றார். தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உக்காந்து குடிங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இருக்கட்டுமுங்க," என்று சொல்லி நின்றபடியே குடித்தேன்.