வேலில் கட்டிய இரண்டு பிராது

இன்று முருகன் கோயிலில் பிராது கட்டப் போயிருந்தேன். குறையைத் தாளில் எழுதி வேலில் கட்டிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்பது எங்கள் விருத்தாசலத்து நம்பிக்கை.

எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றார்கள். மகள் செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறாளாம்.

"அக்கா, கண்ணாடிய வூட்டுலயே வுட்டுட்டேன். தைக்குள்ள இவளுக்குக் கல்யாணம் ஆவணும்னு எழுதிக் குடுங்க" என்றார் அம்மா.

எழுதிக் கொடுத்தேன். அவர் கட்டப் போனதும் மகள் என் பேனாவை வாங்கி விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தாள்.

"மொதல்ல வேலை, அப்புறந்தான் கல்யாணம்னு எழுதறேன் ஆண்ட்டி."

அம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டார். "ஏண்டி, என் மேலயே பிராதா?"

"உன் மேல இல்லம்மா, கவர்மெண்ட்டு மேல. படிக்க காலேஜு கட்னவங்க, வேலைக்கு ஒரு கம்பெனி கொண்டாந்தாங்களா?"

அம்மா மகளின் தாளை வாங்கி மடித்துக் கொடுத்தார். பிறகு, "அப்ப என்னுதுக்கு மேல கட்டு. அவரு அத மொதல்ல எடுக்கட்டும்" என்றார்.

மாவட்டத்துக்கு இன்னொரு கல்லூரி வரப்போவதாகக் காலையில் பேப்பரில் படித்தேன். சந்தோஷம்தான். கூடவே ஒரு தொழிற்சாலையும் வேண்டும் என்று என் பிராதில் ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தேன்.

உங்கள் ஊருக்கு எது முதலில் வேண்டும்? சொல்லுங்கள், அடுத்த முறை போகும்போது சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.