இரண்டாவது ஹெல்மெட்

ஈர ஸ்பாஞ்சும் சீயக்காயும் கலந்த வாசனை. ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கும் இரண்டாவது ஹெல்மெட்டை எடுக்கும்போதெல்லாம் முதலில் அது வருகிறது. அதன் பின்னாலேயே போன மே மாதத்து அந்தக் காலை வருகிறது.

அண்ணன் மகளைக் கூட்டிவர ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்ட காலை. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கேட்பார்கள். வீட்டில் கிடந்த பழையதை முந்தின நாள் சீயக்காய் போட்டு அலசியிருந்தேன். உள்ளே காயவில்லை.

அவள் கெலமங்கலத்துப் பெண். அரசுக் கல்லூரியில் கணிதம், இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே பெங்களூரில் ஒரு கோடை ஆராய்ச்சி முகாம். கணக்கைக் கணினியை வைத்துப் போடக் கற்றுக்கொள்ளும் இடம். போன முதல் வாரமே போனில் அழுதாள்.

"எல்லாரும் இங்கிலீஷ்லயே கேக்குறாங்க, இங்கிலீஷ்லயே சிரிக்கிறாங்க அத்த. நான் எழுதுற புரோகிராம் மட்டும் வெடிக்குது. வந்து கூட்டிகினு போயிடு."

"கூட்டியாந்துடு," என்றார் அண்ணன். "போச்சம்பள்ளி கம்பெனில ஆள் எடுக்குறாங்களாம். சேத்துடலாம். மிச்சத்த கரஸ்ல படிச்சுக்கட்டும்."

அண்ணன் கெட்டவரில்லை. மகள் அழுதால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். ஆனால் அவள் என் பின்சீட்டில் ஏறிவிட்டால் அத்தோடு கணக்கு முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

மெதுவாக ஓட்டுகிற ஆள் இல்லை நான். அன்றைக்கு லாரிகளெல்லாம் என்னைத் திட்டிவிட்டுத் தாண்டின. கடைப் பலகைகளில் எழுத்து கன்னடமாக மாறியது. மனசு ஒரு பாலத்தில் ஏறியது, ஒரு பாலத்தில் இறங்கியது. ஹெல்மெட் ஆடி ஆடி முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தது, பதில் கேட்டு நச்சரிப்பதுபோல.

அங்கே போனதும் ஆளுக்கு முன்னால் அவள் குரல்தான் கிடைத்தது. தாழ்வாரம் முழுக்க.

"காதே, காதே!"

எங்கள் தெருத் தெலுங்கு. இல்லையென்று மறுக்கிறாள். எட்டிப் பார்த்தேன். கரும்பலகை முன்னால் கோலார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் இவளும் ஒரே சாக்பீஸுக்கு இழுபறி. தெலுங்கில் தொடங்கி, கன்னடத்தில் திட்டிக்கொண்டார்கள். தக்காளி மண்டியில்கூட அப்படியொரு சத்தம் கேட்டதில்லை.

"அத்த, வந்துட்டியா? இரு, இதப் பாரு!" என்று என்னை இழுத்தாள்.

பலகையில் வரைந்த ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனையில் சூடு. அது எப்படிப் பரவும் என்று கணினி சொல்ல வேண்டும்.

"என் கம்பியோட சூடு சூரியனையே தாண்டிடுச்சி. இவளது மைனஸ் கோடிக்குப் போயிடுச்சி! நேரத்தப் பெரிய பெரிய துண்டா வெட்டுனா அப்டித்தானாம். சின்னதா வெட்டுனதும் கம்முனு அடங்கிடுச்சி. மொத தடவ எல்லாருக்குமே வெடிக்குமாம் அத்த. வெக்கப்பட்டுகினு ஆளுக்கொரு மூலையில மூடி மூடி வெச்சிருந்திருக்கோம்!"

அத்திப்பள்ளியிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அந்த அறையில்தான் விட்டேன். ஆனாலும் அண்ணனிடம் சொன்ன வாக்கு. கேட்டேன்.

"போலாமா?"

"எங்க?" என்றாள்.

நிஜமாகவே மறந்திருந்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன். "அவ வரலண்ணா."

"இன்னும் அழுவுறாளா?"

"இல்ல. யாரையோ திட்டிகினு இருக்கா."

ஒரு செருமல். "அப்ப இருக்கட்டும்."

வாசல்வரை வந்தாள். கொக்கியில் இருந்ததை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னா அத்த, நாயக் குளிப்பாட்டுன மாதிரி அடிக்குது!"

"உனக்குன்னு கழுவுனேன்டி."

"அப்ப வெயில்ல நல்லா காயப்போடு. முகாம் முடியற அன்னிக்கு எடுத்துகினு வா."