இடது கைப்பிடிக்குக் கீழே

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை இப்போதே மூடி வைத்துவிடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. அரியாங்குப்பத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, தகர ஷட்டர் போட்ட ஒரு பட்டறையில் நடந்தது. வெளியே பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாருக்கு நடந்ததோ அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. அவன் பெயர் செம்மல்.

பழைய தோல் சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் மறுபடி நிறமேற்றுவது செம்மலின் தொழில். அழுக்கை எடுப்பான், வெடிப்பை அடைப்பான், கலர் கலந்து ஸ்பிரே கன்னில் அடிப்பான். ஊரில் அசல் தோல் வைத்திருப்பவர்கள் குறைவு. மற்றதெல்லாம் ரெக்சின். ஒரு தோல் நாற்காலியைப் பார்த்தாலே அதில் உட்கார்ந்தவரை அவனுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் சாய்வார், எந்தக் கையை ஊன்றுவார், தலைக்கு எண்ணெய் வைப்பாரா மாட்டாரா, எல்லாம் தோலில் இருக்கும். அதையெல்லாம் இல்லாமல் செய்வதற்குத்தான் அவனுக்குக் கூலி.

அவன் மனைவி பூர்ணிமா போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போனாள். காரியம் முடிந்த மறுநாள் அத்தைமார்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவள் தலையணை உறையையும் வாளியில் போட்டு ஊறவைத்தார்கள். செம்மல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.

கிளோத்தின் நாற்காலி வந்தது அந்தச் சமயத்தில்தான்.

குருசுக்குப்பத்தை ஒட்டிய வீடு. கிளோத் எண்பதைத் தாண்டியவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், ஊர்ப்பேச்சில் சொல்தா. மகள் ஏஸ்தெல் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். வீட்டை மூடிவிட்டு அப்பாவைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறாள். அறைக்கு ஒரே ஒரு நாற்காலி கொண்டுவரலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

செம்மல் அங்கே போய் நாற்காலியைப் பார்த்தான். கருஞ்சிவப்புத் தோல். தலை சாயும் இடம் கறுத்துக் கிடந்தது. அது எல்லா நாற்காலியிலும் இருப்பதுதான். ஆனால் இடது கைப்பிடிக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், தேங்காய் மூடி அளவுக்கு இன்னொரு எண்ணெய்க் கறை இருந்தது. தரையில் உட்காரும் ஒரு ஆளின் தலை சாயும் உயரம்.

"இங்க கீழ யாரு முசியே ஒக்காருவாங்க?"

"என் பொண்டாட்டி. மார்கரீத்," என்றார் கிளோத். "பக்கத்துல சேரைப் போட்டாலும் ஒக்கார மாட்டா. தரைதான். இதுல தலையைச் சாச்சிக்குவா. நான் கையைத் தொங்கப் போடுவேன். அவ்ளோதான் எங்க குடித்தனம்."

அவரே சிரித்துக்கொண்டார். பிறகு செம்மலின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எல்லாத்தையும் புதுசாக்கு தம்பி. அந்த எடத்த மட்டும் விட்டுடு. அது இல்லன்னா அந்த ஹோம்ல அவ என்னை எப்பிடிக் கண்டுபுடிப்பா?"

"சரி முசியே."

ஏஸ்தெல் வண்டிவரை கூடவே வந்தாள். "பப்பா அப்பிடித்தான் ஏதாவது சொல்வாரு. நீங்க முழுசா எடுத்துடுங்க. எண்ணெய்ப் பிசுக்கோட போனா சிஸ்டருங்க உள்ள விட மாட்டாங்க."

"சரி மதாம்."

இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டான். யார் பேச்சைக் கேட்பது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. எண்ணெய் இறங்கிய தோலில் கலர் நிற்காது. ரெண்டு மாதத்தில் உரிந்து தொங்கும். செய்தவன் பெயர்தான் கெடும்.

பட்டறையில் நாற்காலியை வலப்பக்கமாகப் படுக்க வைத்தான். மேலே தெரிந்த கறையின்மீது சாக் பவுடரைக் குவித்தான். ராத்திரி முழுக்க அது எண்ணெயை உறிஞ்சும். ஷட்டரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் வந்து திறந்தான்.

நாற்காலி நிமிர்ந்து நின்றது.

பவுடர் தரையெல்லாம் கொட்டியிருந்தது. இடது பக்கத்தில் மட்டும் அகலமாக ஒரு வட்டம் துடைத்தாற்போல இருந்தது. புடவை கட்டிய ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

சாவி அவனிடம் மட்டும்தான். 'நான்தான் நிமிர்த்தி வச்சிருப்பேன்' என்று சொல்லிக்கொண்டான். தூக்கம் கெட்டவனுக்கு எது ஞாபகம் இருக்கும்?

எண்ணெய் எடுக்கும் கரைசலை ஊற்றித் தேய்த்தான். உப்புத்தாள் போட்டான். வெடிப்புகளை அடைத்துக் கலர் அடித்தான். கறை இருந்த இடமே தெரியவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது கறை இருந்தது.

முதலில் பயப்படவில்லை. வெயிலில் அடித்தோலிலிருந்து எண்ணெய் மேலே ஏறிவருவது உண்டு. குனிந்து முகர்ந்து பார்த்தான். ஏறிவரும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். இது அடிக்கவில்லை. வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். இப்போதுதான் தலையில் தேய்த்தது போல... புதுசு.

மறுபடி துடைத்தான். மறுபடி கலர். இந்தத் தடவை மேலே பளபளப்புக்கு லாக்கர் பூச்சும் அடித்தான். அது காய்வதற்காக எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். எங்கேயும் போகவில்லை. கண்ணை எடுக்கவில்லை.

மணி மூன்றை நெருங்கியபோது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கம்ப்ரஸர் நின்றது.

அப்போது கேட்டது.

சர்ர்ர்...

முடி தோலில் உரசும் சத்தம். மெதுவாக. பிறகு ஒரு பெருமூச்சு. வேலை முடிந்து கடைசியாக உட்காருகிற பொம்பளை விடுவாளே, அந்தப் பெருமூச்சு.

அவன் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து... டிக்.

ஈர லாக்கரில் ஒட்டிய கன்னம் பிரிந்து வரும் சத்தம்.

எழுந்து போய்ப் பார்த்தான். பளபளவென்றிருந்த லாக்கரில் முடிக்கோடுகள் பதிந்திருந்தன. இழை இழையாக. நடுவில் வகிடு.

அந்த நேரத்தில் அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அப்படியே கிழவரிடம் கொடுத்திருக்கலாம். ஷட்டரை இழுத்துவிட்டு ஓடியிருக்கலாம். பயந்தவன் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வான். காருக்கு அடிக்கும் கிளியரை எடுத்தான். காய்ந்தால் கண்ணாடி போல் இறுகிவிடும். எண்ணெய் உள்ளேயும் இறங்காது, வெளியேயும் வராது. முடிக்கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து அழித்தான். கரண்ட் வந்ததும் இடது பக்கம் முழுக்கக் கிளியரை அடித்தான்.

காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு அடித்தான்.

மறுநாள் நாற்காலி சுத்தமாக இருந்தது.

பக்கத்தில் இருந்த ரெக்சின் சோபாவில் ஒரு எண்ணெய்த் தடம். அதே உயரம்.

பிளைவுட் பலகையில் ஒன்று.

சுவரில் ஒன்று...

ஒவ்வொரு இடமாகச் சாய்ந்து பார்த்திருக்கிறாள்.

கடைசித் தடம் ஷட்டரின் உள்பக்கத்தில் இருந்தது. அதற்கப்புறம் எங்கேயும் இல்லை.

திங்கட்கிழமை நாற்காலியை இல்லத்துக்குக் கொண்டுபோனான். புதுப் பெயின்ட் வாசனை அடிக்கும் சின்ன அறை. கிளோத் உட்கார்ந்தார். இடது கையை வெளியே தொங்கவிட்டார். விரல்கள் காற்றில் மெதுவாக அசைந்தன, முடியைக் கோதுவது போல. கொஞ்ச நேரம் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு கை கீழே இறங்கித் தோலைத் தடவியது. வழவழவென்றிருந்த இடத்தில் நின்றது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்ட சொன்னியா தம்பி?"

"எதை முசியே?"

"நான் எங்க போறேன்னு."

"சொல்லிட்டேன் முசியே," என்றான்.

வெளியே மரத்தடியில் ஏஸ்தெல் நின்றிருந்தாள். "புதுசு மாதிரியே பண்ணிட்டீங்க," என்றாள். அந்தக் கறையை எடுத்தது தப்பு, உங்க அம்மா உட்கார்ந்த இடம், அதை விட்டிருக்க வேண்டும் என்று செம்மல் ஏதேதோ சொன்னான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அம்மாவா? எங்கம்மா செத்தது பிரான்ஸ்ல. அப்ப எனக்குப் பத்து வயசு. அங்கதான் பொதைச்சோம். பப்பா பென்ஷனாகித் தனியா இங்க வந்தப்புறம் வாங்கின சேர் இது. எங்கம்மா இதைக் கண்ணால பார்த்ததே இல்ல."

"அப்ப அந்த எண்ணெய்...?"

"பப்பாவுக்கு வேலை பாக்க வந்தவங்க யாராவது இருக்கும்," என்றாள். சொல்லிவிட்டுக் குளிர்வது போலக் கையைத் தேய்த்துக்கொண்டாள். நல்ல வெயில் நேரம் அது.

கல்லறைத் திருநாளுக்கு முன்பே கிளோத் போய்விட்டார். கடைசிவரை இடது கையை வெளியே தொங்கவிட்டபடியே இருந்தாராம். நாற்காலியை என்ன செய்வதென்று இல்லத்திலிருந்து செம்மலுக்குப் போன் வந்தது. போய் எடுத்துவந்தான். பட்டறையில் வைக்கவில்லை. வீட்டில் வைத்தான்.

இடது பக்கத்துக் கிளியரைச் சுரண்டினான். லாக்கரை எடுத்தான். கலரை எடுத்தான். வெறுந்தோல் தெரியும்வரை எடுத்தான். பிறகு தினமும் மத்தியானம் அதில் உட்கார்ந்து இடது கையைத் தொங்கவிட ஆரம்பித்தான். அவன் யாருக்காக உட்கார்ந்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. சாப்பாடு முடிந்து அவன் பக்கத்தில் தரையில் உட்காருவது பூர்ணிமாவுக்கும் வழக்கம்தான்.

எழும்போதெல்லாம் தோலைத் தொட்டுப் பார்ப்பான். காய்ந்து கிடக்கும்.

தை மாதத்தில் ஒருநாள் அப்படியே கண் அசந்துவிட்டான். விழித்தபோது விரல்களுக்குக் கீழே ஈரம்.

"பூர்ணிமா..."

அழுதுகொண்டே குனிந்து, தோலில் மூக்கை வைத்து முகர்ந்தான்.

வெந்தயம்.

பூர்ணிமா எண்ணெய் காய்ச்சியதே இல்லை. கடை பாட்டில்தான்.

செத்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று யார் சொன்னது?

"முசியே இங்க இல்ல மதாம்," என்றான் செம்மல். "போயிட்டாரு."

சர்ர்ர்...

தலை நகர்ந்து அவன் கைக்குக் கீழே வந்து அடங்கியது.

கையை எடுக்கத்தான் நினைத்தான்.

எடுக்கவில்லை.