வெட்கத் துண்டு

கோர்டோபாவில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் முப்பத்தோரு வருஷம் துணி தேய்த்தவள் ஃபுவென்சாந்தா. பகலெல்லாம் நின்ற கால்களோடு வீட்டுக்கு வந்து, புருஷனையும் மகனையும் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டவள். புருஷன் பெனித்தோ கெட்டவன் இல்லை. கவனிக்கத் தெரியாதவன், அவ்வளவுதான். அவன் இறந்துபோய் ஒன்பது வருஷமாகிறது.

செப்டம்பர் எட்டாம் தேதி அவள் பெயர்கொண்ட மாதாவின் திருநாள். அன்று மதியம் குடும்பத்தோடு அதே பழைய சாப்பாட்டுக் கடைக்குப் போய், முற்றத்து நாரத்தை மரத்தடி மேஜையில் உட்காருவது வழக்கம். இந்த வருஷம் கூடுதலாக ஓர் ஆள் வந்தான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அசிஸ்க்லோ. அவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அவளுக்கு ஆசை. மகன் அமதோர் முகம் கொடுத்தால் சரி, கொடுக்காவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். அறுபத்தாறு வயதில் மகனுக்குப் பயப்படுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அசிஸ்க்லோ திருவிழாக் கடையில் வாங்கிய, ஆட்டினால் கிணுகிணுக்கும் சின்ன மண்மணியை அவள் தட்டருகே வைத்துவிட்டு, நிழல் விழுந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அது எங்கப்பா உக்கார்ற இடம்,” என்றான் அமதோர்.

“தெரியாம உக்காந்துட்டேன் தம்பி.” எழுந்துபோய் வெயில் அடிக்கும் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“பஸ் ஓட்டினவருக்கு வெயிலென்ன புதுசா?” என்று மருமகள் அரசேலி சிரித்துச் சமாளித்தாள். அமதோர் சிரிக்கவில்லை.

குளிர்ந்த தக்காளிக் கூழ் வந்தது. மெல்லிசாகச் சீவிப் பொரித்த கத்தரிக்காய், மேலே கரும்புப் பாகு வழிய, நடுவில் ஒரே தட்டாக வந்தது. கைகள் மாறி மாறி நீண்டன. ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அதோடு கைகளெல்லாம் நின்றுவிட்டன.

கடைசியாக மிஞ்சுவதற்கு அங்கே வெட்கத் துண்டு என்று பெயர். வீட்டு ஆட்கள் மட்டும் இருந்தால் அதற்கு அடிதடியே நடக்கும். வேற்றாள் ஒருவர் இருந்தால்தான் ஒருத்தரும் தொடமாட்டார்கள். தட்டில் தனியாகக் கிடந்ததையே ஃபுவென்சாந்தா பார்த்தாள். அசிஸ்க்லோ வேற்றாள்தான் என்று மகன் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தாள்.

“யாருக்கும் வேண்டாமா? எடுத்துட்டுப் போகவா?” பரிமாறுகிற ஒனோஃப்ரே தட்டில் கை வைத்தான்.

“எங்க அமதோருக்குக் கொடு,” என்றாள் ஃபுவென்சாந்தா. நாற்பது வருஷப் பழக்கம், தானாகவே வாயில் வந்தது.

“இருப்பா.” அசிஸ்க்லோ எட்டி அந்தத் துண்டை முள்கரண்டியால் குத்தி எடுத்தான். அரசேலி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேற்றாள் வெட்கத் துண்டைத் தொடுவதாவது. அவன் அதைக் கொண்டுபோய் ஃபுவென்சாந்தாவின் தட்டில் வைத்தான்.

“நீ இன்னும் ஒண்ணுகூட எடுக்கல. வந்ததுலேருந்து பாத்துட்டேதான் இருக்கேன். சாப்பிடு.”

அமதோர் அம்மாவின் தட்டைப் பார்த்தான். உண்மைதான், அந்த ஒரு துண்டைத் தவிரச் சுத்தமாக இருந்தது. வேறெங்கும் பாகு பட்ட அடையாளம்கூட இல்லை.

“எப்பவும் இப்படித்தானாம்மா?” என்றான் மெதுவாக.

“எனக்கு என்னடா, பசியே இல்ல.”

“என் சின்ன வயசுலேருந்து இதையேதான் சொல்ற.”

அமதோர் மண்மணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவின் நாற்காலியை இழுத்து அம்மா பக்கமாகத் திருப்பிப் போட்டான்.

“அங்க ஏன் வெயில்ல காயுறீங்க? இப்படி வந்து உக்காருங்க,” என்றான் அசிஸ்க்லோவிடம். “ஒனோஃப்ரே, கத்தரிக்கா இன்னொரு தட்டு. இந்தத் தடவ கடைசித் துண்டு எனக்குத்தான், யாரு கேட்டாலும் விடமாட்டேன்.”

“அதையும் பாப்போம்,” என்றபடி அசிஸ்க்லோ நிழலுக்கு வந்தான்.

வாயில் கத்தரிக்காயோடு ஃபுவென்சாந்தா அழுதுவிட்டாள்.